மேட்டு வளையும் புளிசாதமும்

ஒரு காட்டில் தேர்தல் நடந்தது. சிரிக்காதீர்கள், ஒழுங்காகத்தான் நடந்தது. கள்ள ஓட்டு இல்லை, அடிதடி இல்லை. வீட்டுக்கு வீடு தேன் என்று சொல்லிக் கரடி நின்றது, அமோகமாக ஜெயித்தது. தேன் வரவில்லை. வராது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்கவும் இல்லை.

ஜெயித்த கையோடு கரடிக்கு வெற்றி விழா மேடை போட ஆசை வந்தது. அதற்குப் பிடித்துப்போன இடம், பூவாத்தா என்ற முயலின் வளை இருந்த மேடு. வளைக்குள் கண் திறக்காத குட்டிகள். மேட்டை மிதித்துச் சமன் செய்யும்படி யானைக்கு உத்தரவு போனது.

பூவாத்தா பதறிப்போய்க் கரடியிடம் ஓடினாள்.

"ஐயா, பச்சைப் பிள்ளைங்க உள்ளே கிடக்குதுங்க. நான் உங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டேன்!"

"அப்புறம் என்னம்மா? நீ கொடுத்த அதிகாரத்துலதான் மிதிக்கறோம்."

"தேனுக்குப் போட்டேனுங்க. மிதிக்கச் சொல்லியா போட்டேன்?"

"ஓட்டு மொத்தமாத்தான் வாங்குவோம். இதுக்கு இது, அதுக்கு அதுன்னு பிரிச்சு வாங்கற பழக்கம் இல்லை," என்றது கரடி. "பிடிக்கலைன்னா அடுத்த தேர்தல்ல மாத்திப் போடு."

"அதுவரைக்கும் என் குட்டிங்க?"

"அவங்களுக்கு ஓட்டு இல்லையேம்மா!"

எதிர்க்கட்சித் தலைவர் நரிக்கு விஷயம் எட்டியது. கொதித்துப்போய்விட்டது. "விடமாட்டோம்! அந்த மேட்டிலேயே ஆர்ப்பாட்டம்! கரடிகிட்ட அனுமதிகூட வாங்கியாச்சு!"

காலையில் காடே திரண்டது. மான்கள் போட்ட கோஷத்தில் காது கிழிந்தது. மிதிக்க வந்த யானை கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றது. வழக்கம்போல ஓநாய்க் காவலர்கள் வந்து எல்லோரையும் கைது செய்தார்கள். வழக்கம்போல எல்லோரும் வரிசையாகக் கையாட்டிக்கொண்டே போனார்கள். குகை மண்டபத்தில் அடைத்து, மத்தியானம் புளிசாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவது அந்தக் காட்டு முறை. இந்தத் தடவை அப்பளமும் உண்டு என்று குரங்கு விசாரித்துச் சொன்னது.

"நீயும் வாம்மா, பந்தி முடிஞ்சிடும்," என்றது நரி.

"எல்லாரும் போயிட்டா இங்கே யாருங்க?"

"அதான் எதிர்ப்பைப் பதிவு செஞ்சாச்சே!"

பூவாத்தா போகவில்லை. வளை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். யானை வந்து காலைத் தூக்கியது.

"தள்ளு தாயி. ஜெயிச்சவங்க உத்தரவு. பாவம் என்னைச் சேராது."

"உத்தரவு அவங்களோடதுதான். கால் உங்களோடதுதானே, அண்ணே?"

யானைக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. தூக்கிய காலை வைக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தது, கால் வலித்தது. கடைசியில் தன் பின்பக்கமாகக் காலை ஊன்றித் திரும்பி, வந்த வழியே போய்விட்டது. குட்டிகள் பிழைத்தன.

சாயங்காலம் மண்டபத்திலிருந்து வந்தவர்கள் "போராட்டம் வெற்றி!" என்று நரிக்கு மாலை போட்டார்கள். குடிகளின் குரலுக்கு மதிப்பளித்த கரடியாருக்கு நன்றி என்று பெரிய பேனர் வைத்தார்கள். எல்லோரும் கைதாகிப் போன பிறகும் தனியாக உட்கார்ந்திருந்த குற்றத்துக்காகப் பூவாத்தா மேல் வழக்குப் பதிவானது. அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நரியே முன்வந்தது.

நீதி: அரசாங்கத்தை எதிர்ப்பது குடிமக்களின் உரிமை, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எதிர்த்தால் அது குற்றம்.