உறையூர்ச் சதுரக் காசு

ஆல்பத்தின் பதினான்காம் பக்கத்தில் மூன்றாவது உறை காலியாக இருந்தது.

செந்தமிழன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காலிதான். மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார். டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கே.கே. நகர் வீட்டுக்குத் திரும்பி நாலே நாள் ஆன மனுஷன் தவழக் கூடாதுதான். அவருடைய காசாக இருந்தால் தவழ்ந்திருக்கவும் மாட்டார். காணாமல் போனது பீமராவுடைய காசு.

பீமராவ் ஸ்ரீரங்கத்துக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய காசு சேர்க்கிறவர்களில் அவரைப் போல ஒரு கறார் ஆசாமியைத் திருச்சியில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கையுறை இல்லாமல் ஒருவர் அவர் காசைத் தொட்டுவிட்டால் ஆறு மாசம் அவரோடு பேச்சு கிடையாது. அப்படிப்பட்டவருக்கு உயிருக்கு உயிரானது இந்தக் காசு. சங்க காலச் சோழர் செம்புக் காசு. வட்டமில்லை, சதுரம், கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். ஒரு பக்கம் யானை, மறு பக்கம் வாலைத் தூக்கிய புலி. முப்பது வருஷத்துக்கு முன் உறையூரில் ஒரு பழைய பாத்திரக் கடையில், எடைக்குப் போட்ட பித்தளைக் குவியலில் கண்டுபிடித்தது. சென்னையிலிருந்து காரில் வந்தெல்லாம் விலை கேட்டுப் பார்த்தார்கள். மனுஷர் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்னார்புரத்தில் நாணயக் கண்காட்சி. அதற்கு விளக்க அட்டை எழுதித் தரச் சொல்லி, இருபது வருஷப் பழக்கத்தில் செந்தமிழனை மட்டும் நம்பி அந்தக் காசைக் கொடுத்திருந்தார். அழைப்பிதழிலும் அதன் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். காசு போனால் பீமராவும் போனார்.

மனைவி யமுனாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் சாவகாசமாக வெங்காயம் உரித்துக்கொண்டே பூஜை அலமாரியைக் காட்டினாள். அங்கே சமயபுரத்து அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது.

“உங்களுக்கு பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்குன அன்னிக்கு, எதிர்வீட்டுச் செல்லக்கிளியக்காவுக்கு ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணேன். சாவிதான் அவங்ககிட்ட இருக்கே. அம்மனுக்கு ஒரு காசு முடிஞ்சு வைங்கக்கான்னேன். வீட்டுல ஏது சில்லறை? கீரைக்காரம்மாவுக்கே ஜிபேதான். கடைசியில மேசை மேல இருந்த ஆல்பத்துக் காசுதான் கிடைச்சுதாம்.”

செந்தமிழன் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லக்கிளியக்காவைக் கேட்கலாமென்றால் அவர் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தார். போனில் கேட்டு, அக்கா மாதிரி இருக்கிறவரைக் குற்றவாளி ஆக்க மனசு வரவில்லை. முடிச்சை அவிழ்த்து வேறு காசு வைத்துக்கொள்கிறேன் என்று அலமாரிப் பக்கம் நகர்ந்தார்.

யமுனா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள். “அம்மனுக்கு முடிஞ்சதை அவுக்கிறதாவது? உங்களுக்கு ஒன்றரை லட்சம் ஏறிச்சே, அது யாரால?”

டாக்டரால் என்று சொல்லலாம். ஆனால் அந்த டாக்டரே கடைசி நாள் கையெடுத்துக் கும்பிட்டு மேலே பார்த்தவர்.

கெஞ்சிக் கூத்தாடியதில் யமுனா கொஞ்சம் இறங்கி வந்தாள். பூக்கட்டிப் பார்ப்போம் என்றாள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். செந்தமிழன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு. கை நடுங்கிவிட்டது, இது கணக்கில் சேராது என்று மறுபடி எடுத்தார். அதுவும் சிவப்பு. மூன்றாம் தடவை கேட்டபோது யமுனாவுக்கு முகம் மாறியது. அம்மனையே சோதிக்கிற வீட்டில் காணிக்கையை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது, மாசக் கடைசியில் சமயபுரம் போகிறதாக இருந்ததை நாளைக்கே முடித்துவிடுவோம் என்று தீர்மானம் போட்டாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மாசக் கடைசி வரையாவது அவகாசம் இருந்திருக்கும்.

சமயபுரம் பஸ்ஸில் முழுத் தூரமும் முடிச்சு யமுனாவின் உள்ளங்கையில் இருந்தது. தூங்குவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தூங்கவில்லை. உண்டியல் முன்னால் வந்ததும், “உங்க உயிருக்கு முடிஞ்சது, உங்க கையாலேயே போடுங்க” என்று அவர் கையில் திணித்தாள். இரண்டாயிரம் வருஷத்துக் காசு அவர் விரல் நுனியில் நின்றது. பின்னால் நின்ற பெண்மணி, போட்டுட்டு நகருங்கண்ணே, பிள்ளை அழுவுது என்றார். போட்டுவிட்டார்.

அன்று முதல் பீமராவ் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். உடம்பு எப்படி இருக்கு, இளநீர் குடிக்கிறியா, ராத்திரி நல்லாத் தூங்குறியா என்று விசாரித்தார். காசைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மனுஷன் மோப்பம் பிடித்துவிட்டார், சுற்றி வளைக்கிறார் என்று செந்தமிழனுக்கு வேர்த்தது. மூன்றாம் நாள் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை உண்டியல் எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துவிட்டார். பாக்கெட் இல்லாத வேட்டி, சுவரில் கேமரா, எதிரே நாற்காலியில் ஒரு பெண் அதிகாரி. நோட்டுப் பக்கம் போகாமல் சில்லறைக் குவியலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடுப்பு விட்டுப்போனது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவிழ்த்துக் கொட்டிய மஞ்சள் துணிகளுக்கு நடுவில் அது கிடந்தது.

எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பக்கத்தில் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்பில் செருகினால் ஆயிற்று.

முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நாலாம் நாள் விடிகாலை, யமுனா அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதது ஞாபகம் வந்தது. நான் உயிரோடு உட்கார்ந்து இந்தக் காசைத் தொடுகிறேனே, அது போதாதா என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அம்மா தாயே, உன்னுடையது உனக்கே என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து நேரே அதிகாரியிடம் போனார்.

“மேடம், இது சங்க காலச் சோழர் காசு. சில்லறையோட கலந்துடாதீங்க. தனியா எழுதிப் பத்திரமா வைங்க.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மாள் ஆர்வமாக ஒரு கேள்வி கேட்டார். செந்தமிழன் இருபது நிமிஷம் பேசினார். யானை என்ன, புலி என்ன, ராஜாவின் பெயர் ஏன் இல்லை, கரூரிலும் பூம்புகாரிலும் என்ன கிடைத்தது, எல்லாம் சொன்னார். எண்ணுகிற வேலையே நின்றுபோய் மண்டபம் முழுக்க வாய் பிளந்து கேட்டது. காசைக் கோயில் பதிவேட்டில் தனியாக எழுதி, கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஏற்பாடு செய்வதாக அதிகாரி சொன்னார். மனசு நிறைந்து வீடு திரும்பினார்.

மறுநாள் காலைப் பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது. ‘சமயபுரம் உண்டியலில் சங்க காலக் காசு.’ பக்கத்திலேயே அவருடைய சிரித்த முகம்.

பீமராவ் விடிந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பேப்பர் படிக்கிறவர். செந்தமிழன் பல்கூடத் தேய்க்கவில்லை. தான் இருபது வருஷம் சேர்த்த ஆல்பத்தை அப்படியே அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஸ்ரீரங்கம் ஓடினார்.

உத்திர வீதி வீட்டுக் கதவைத் திறந்தது பீமராவின் மனைவி மகாலட்சுமி. கையில் அதே பேப்பர். அவர் எங்கே என்று கேட்டதற்கு, விடியற்காலையிலேயே சமயபுரம் கிளம்பிப் போய்விட்டதாகச் சொன்னார்.

காசை மீட்கத்தான் போயிருக்கிறார், போலீசோடு போயிருந்தாலும் ஆச்சரியமில்லை என்று செந்தமிழன் முடிவுகட்டி, அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல், முடிச்சு, பூ, உண்டியல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினார். ஆல்பத்தை மாமியின் காலடியில் வைத்தார்.

“இதுல இருக்கிறது எல்லாத்தையும் அவர் எடுத்துக்கட்டும் மாமி. என்னோட பேசினாப் போதும். செல்லக்கிளியக்கா பாவம், விவரம் தெரியாம எடுத்துட்டாங்க.”

மகாலட்சுமி ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டி அவர் மடியிலேயே திரும்ப வைத்தார்.

“அவா எங்கே எடுத்தா? நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்போ காசைத் திரும்ப வாங்கிண்டு வரேன்னு உங்காத்துக்குப் போன நம்ம மனுஷர்தான், அந்தம்மா சில்லறை கிடைக்காம அழுதுண்டு நின்னதைப் பார்த்துட்டு, தானே அந்தக் காசை ஆல்பத்துலேந்து உருவி மஞ்சத் துணியில முடிஞ்சு குடுத்தார். நீங்க பிழைச்சு வந்தா மொட்டை போட்டுக்கறேன்னும் வேண்டிண்டாராம், அதுக்குத்தான் இன்னிக்குப் போயிருக்கார்.”