இஞ்ச்டேப் சார் அளந்த சர்ச்

தில்லியில் கோயில், மசூதி, குருத்வாரா, சர்ச் எல்லாவற்றுக்கும் போய், ஓரிடத்திலும் கும்பிடாமல் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் இஞ்ச்டேப் சார்தான். டிராஃப்ட்ஸ்மேன், திருநெல்வேலிக்காரர். எனக்கு அடுத்த மேஜை. சட்டைப் பையில் எப்போதும் டேப் இருக்கும். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது, யாருக்கும் நினைவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல் மார்க்கெட் பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் இருவரும் ஒரு சந்துக்குள் நடந்தோம். அங்கே நின்றது அந்தச் சின்ன சர்ச். முறுக்கிய கயிறு மாதிரித் தூண்கள், அலையாக வளைந்த நெற்றிச் சுவர், முட்டை வடிவ ஜன்னல். பின்னால் போய்ப் பார்த்தால் சாதாரணக் கூரை; முகப்பு அதைவிட இரண்டு ஆள் உயரம். "பரோக்" என்று அந்த ஐரோப்பியக் கட்டடப் பாணியின் பெயரைச் சொன்னார் சார், பழைய சிநேகிதனைப் பார்த்தவர் போல.

உள்ளே நுழைந்ததும் திகைத்துவிட்டார். வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு சின்னக் கட்டடம். உள்ளே பீடம் எங்கோ தொலைவில் இருந்தது. அது எப்படி? அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் எல்லா ஞாயிறும் அங்கேதான்.

ஒருமுறை கல்யாணப் பூசை நடக்கும்போது பின்வரிசைத் தரையில் மல்லாந்து கிடந்தார். மயக்கம் என்று நினைத்து, நாகர்கோவில்காரரான ஒரு நர்ஸ் ஓடிவந்து நாடி பிடித்தார். சார் விட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"கைய விடுங்க சிஸ்டர். எண்ணிக்கை தப்புது."

அந்த வருஷக் கடைசியில்தான் வினை வந்தது. சர்ச்சைப் பெரிதாக்க நினைத்த கமிட்டி ஓர் இன்ஜினியரை அழைத்துவந்தது. பீடத்தின் பக்கம் அகலம் இரண்டடி குறைகிறது, சுவர்கள் உள்ளே சரிந்துவிட்டன, இடித்துவிடுவதே நல்லது என்று அவர் எழுதிக் கொடுத்தார். தூத்துக்குடிக்காரரான ஃபாதர் அதைச் சாரிடம் சொல்லிப் புலம்பினார்.

சார் ஒரு வாரம் லீவு போட்டார். என்னையும் போடவைத்தார். டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனையோடு அவர் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்தார். ஐந்தாம் நாள் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், ஃபாதரையும் இன்ஜினியரையும் வரவழைத்து, அளந்ததைச் சொன்னார். இடப்பக்கம் ஓரடி ஒடுங்குகிறது, வலப்பக்கமும் அதே ஓரடி. உள்ளே போகப்போக ஒவ்வொரு தூணும் முந்தையதைவிட நாலு விரற்கடை குட்டை. தரைக்கற்கள்கூடச் சிறுத்துக்கொண்டே போகின்றன.

"சுவரு சரிஞ்சா தரைக்கல்லுமா சேந்து சின்னதாகும்? ஒண்ணும் சரியல ஃபாதர். சின்ன எடத்தப் பெருசாக் காட்டணும்னு, கட்டுனவன் வேணும்னே நம்மள ஏமாத்தியிருக்கான்."

இன்ஜினியர் டேப்பை வாங்கி, தானே அளந்தார். திரும்பவும் அளந்தார். பிறகு தான் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தூண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். கமிட்டி சர்ச்சை இடிக்காமல், கூடுதல் இடத்துக்கு ஒரு கூடத்தைப் பக்கத்துக் காலிமனையில் கட்டிக்கொள்ளத் தீர்மானித்தது.

கிறிஸ்துமஸ் அன்று ஃபாதர் சாரைக் குடும்பத்தோடு அழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்தார். பூசை முழுவதும் சாரின் முகம் மேலே பார்த்தபடியே இருந்தது. அவர் மனைவி என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்:

"எங்க வீட்டு சீலிங் மழைக்கு ஒழுகுது தம்பி. அத நிமிந்து பாருங்கன்னா, கழுத்து வலிக்குன்னு சொல்லுதாவ."

அடுத்த ஞாயிறு, சார் வெளியே கிளம்பும்வரை காத்திருந்து, ஏணியோடு போய் அந்த ஒழுகலை நானே அடைத்துவிட்டு வந்தேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.