ஜெனரல் ஹாஸ்கின்ஸின் இரண்டாம் பாய்ச்சல்

சட்டசபை, போர்க்களம், சுல்தானின் அவை என்று மூன்று இடங்களிலும் ஒரே முகபாவத்தோடு நின்ற மாமனிதர் உலக வரலாற்றில் ஒருவர்தான். எங்கள் ஒஹையோ மாநிலத்து பெல்லோ கிரீக்கில், எனக்கு எதிர்வீட்டில் இருக்கும் ஜெனரல் லெமுவேல் ஹாஸ்கின்ஸ். என் ஜன்னல் அவர் வாசலைப் பார்த்து அமைந்தது தச்சனின் பிழை. பெண்பிள்ளை எனக்கு ஓட்டா இருக்கிறது? ஜன்னலாவது இருக்கட்டும்.

சட்டசபையில் அவர் தூங்கியதைக் கட்சி ‘ஆழ்ந்த சிந்தனை’ என்றது. தேர்தலில் தோற்றதும் தூதராக அனுப்பியது. சுல்தான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஒரு சிவப்புக் குல்லாயோடு திரும்பி வந்தார். அதன் பெயர் ‘ராஜதந்திரம்’. இப்போது ஆளுநர் பதவிக்கு நிற்கிறார். ஆகவே நீதிமன்றத்துக்கு எதிரே அவருக்கு வெண்கலச் சிலை. பீடத்தில், அன்று உள்நாட்டுப் போரில் ‘முன்னணியில் நின்ற’ வீரர்களின் பெயர்கள்.

சிலைக் குழுக் கூட்டத்துக்கு டார்க்கஸ் வந்தாள். அவள் புருஷன் எபன், ஜெனரலின் குதிரையான டியூக்கைப் பராமரித்தவன். அந்தப் போரில் செத்தவன்.

“எபன் பேரையும் போடுங்க” என்றாள்.

குழுத் தலைவர் அமாசா பெக் மருந்துக்கடைக்காரர். துக்கத்தையும் விளக்கெண்ணெயையும் ஒரே குரலில் விற்பவர். “அம்மா, முன்னணியில நின்னவங்க பேர் மட்டும்தான்.”

“எதிரி முகாம்ல சோளம் வெந்த வாசனைக்கு டியூக் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. முதுகுல ஜெனரல் இருந்தார். திருப்பிக் கூட்டிட்டு வர, எங்க ஆளு தீவன வாளியைக் குலுக்கிக்கிட்டு அதுக்கும் முன்னாடி ஓடினார். அதைப் பாத்து பாய்ச்சல்னு நெனச்சுதானே நீங்கல்லாம் பின்னாடி ஓடினீங்க? இதைவிட முன்னணி எது?”

“வாளியோட போனா அது முன்னணி ஆகாதும்மா.”

“அப்ப துப்பாக்கியோட குதிரைக்குப் பின்னாடி ஓடினா?”

“அது வீரம்” என்றார் பெக். குழு கைதட்டியது.

திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டது. பித்தளை வாத்தியம், வறுத்த பன்றி, ஆப்பிள் சாராயம். கிழட்டு டியூக்கின் மேல் ஜெனரல், மார்பு நிறையப் பதக்கங்களோடு. “அந்த நாளில் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை” என்று முழங்கினார். அப்போது கூட்டத்தின் கடைசியில் டார்க்கஸ் பழைய வாளி ஒன்றைக் குலுக்கினாள்.

டியூக் காதை நிமிர்த்தியது. இருபத்திரண்டு வயதுக் குதிரை குட்டியாகி, வாத்தியக்காரர்களைத் தாண்டி, பன்றி மேசையைத் தாண்டிப் பறந்தது. ஜெனரல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “யாராவது புடிங்கய்யா, சாகப்போறேன்!” என்று அலறினார்.

உடனே நடந்ததுதான் அதிசயம். பழைய சிப்பாய்கள் அத்தனை பேரும், கையில் கடித்த எலும்போடு எழுந்து, ஹோவென்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பெக் எல்லாருக்கும் முன்னால். கால்கள் பொய் சொல்வதில்லை. ‘புடிங்கய்யா’ என்ற அந்த ஆணை அவற்றுக்கு ஏற்கெனவே பழக்கம்.

குதிரை டார்க்கஸின் வாளிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஜெனரல் சரிந்து இறங்கினார்.

“என்ன பெக் அண்ணே, இப்பவாவது புரிஞ்சுதா?” என்றாள் டார்க்கஸ்.

“நல்லாவே புரிஞ்சுது” என்றார் பெக், மூச்சு வாங்க. “இந்த வயசுலயும் என்ன பாய்ச்சல், பாத்தியா!”

மறுநாள் குழு அவசரமாகக் கூடியது. உண்மையை இனியும் மறைக்கக் கூடாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. பீடத்தில் ‘டியூக்’ என்று பெரிய எழுத்தில் செதுக்கினார்கள். நியாயம் முழுமையாக இருக்கட்டுமென்று பக்கத்தில் அழகாக ஒரு வாளியும் செதுக்கினார்கள். அதற்கு மேல் கல்லில் இடமில்லை.

ஜெனரல் அமோகமாக வென்றார். எங்கள் ஊர் நன்றி மறவாதது. குதிரைக்குப் பின்னால் ஓடியவர்கள் ஒருவர் விடாமல் ஓட்டுப் போட்டார்கள். முன்னால் ஓடிச் செத்தவனுக்குத்தான் ஓட்டு இல்லை. ஓட்டில்லாதவன் பெயரைக் கல்லில் வெட்ட எங்களூர் உளிக்கு இன்னும் பழக்கமில்லை.