கப்பில் ஏறிய என் பெயர்

இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. (படித்த புத்தகங்களில் எல்லாம் நேர்மாறாகத்தான் எழுதியிருந்தது.)

அப்போது விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு, தொலைதூரக் கல்வியில் எம்.காம். படித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பு நேர மேலாண்மை. படித்ததை மறுநாளே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடும் வியாதி எனக்கு உண்டு. கம்பெனிச் சுவரில் கலர் கலராகக் கால அட்டவணை ஒட்டினேன். டீ குடிக்க ஒரு நேரம், போன் பேச ஒரு நேரம். என் கவனம் சிதறக்கூடாது என்பதற்காக, யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் மாலை நான்கு மணிக்குத்தான் என்னிடம் கேட்க வேண்டும். அதற்கு ‘சந்தேக நேரம்’ என்று பெயர்கூட வைத்தேன்.

“தண்ணி தாகம் எடுக்கறதுக்கும் நேரம் போட்டுருக்கியாம்மா?” என்றார் முதலாளி. கிண்டல் என்று புரியாமல், அடுத்த அட்டவணையில் சேர்த்துவிடுகிறேன் என்று குறித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வேப்பூரில் ஹைவே ஓட்டல் நடத்தும் ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட ஐந்நூறு காபி கப் கேட்டார். ஒவ்வொன்றிலும் மணமக்கள் பெயர் இருக்க வேண்டும். பெயரை ஸ்டிக்கராக அச்சடித்து வாங்கி, கப்பில் ஒட்டி, மறுபடி சூளையில் வைத்துச் சுட்டால் அது பீங்கானோடு பீங்கானாக ஒன்றிவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது.

ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய்தால் நேரம் மிச்சம் என்பது என் புராஜெக்டின் இரண்டாவது அத்தியாயம். ஆகவே ஒரே மூச்சில் இரண்டு மெயில் அனுப்பினேன். கப் டிசைன், ஸ்டிக்கர் அடிப்பவருக்கு. புராஜெக்டின் அட்டை, பைண்டிங் கடைக்கு. ஒரு கையில் டீ, மறு கையில் மவுஸ். இரண்டு பைலுக்கும் நான் வைத்திருந்த பெயர் ‘பைனல்’.

ஸ்டிக்கர் வந்த அன்று நான் ஆபீஸ் அறையில் புராஜெக்டின் வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டும் செல்வி அக்கா கதவோரம் வந்து நின்றார்.

“கண்ணு, ஒரு சின்ன சந்தேகம்.”

“அக்கா, நாலு மணிக்கு.”

“இல்ல கண்ணு, இந்த ஸ்டிக்கருல...”

நான் சுவரைக் காட்டினேன். அக்கா போய்விட்டார். மத்தியானம் சூளையைப் பற்றவைத்தார்கள். நான்கு மணி அடித்ததும் அக்கா வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப கேக்கலாமா?”

“கேளுங்கக்கா.”

“பொண்ணு பேரு ஒன்னு, மாப்பிள்ள பேரு ஒன்னுன்னு சொன்ன. கப்புல உன் பேருல்ல இருக்குது?”

சூளைக்கு ஓடினேன். உள்ளே ஐந்நூறு கப்பும் தகதகவென்று வெந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் தங்க எழுத்தில் இப்படி இருந்தது:

‘நேர மேலாண்மை. காலத்தை வீணாக்காதீர். ஆய்வாளர்: சு. மங்கையர்க்கரசி, எம்.காம். இரண்டாம் ஆண்டு.’

அழலாமா என்று யோசித்தேன். ஆனால் மறுநாள் காலை வைவா, அதற்கு மறுநாள் கல்யாணம். அழ நேரம் ஒதுக்கவில்லை. செய்தது நான், சரி செய்யப்போவதும் நானே என்று முதலாளியிடம் சொன்னேன். “மொதல்ல அந்த அட்டவணைய கிழி” என்றார். கிழித்தேன்.

காலையில் பைண்டிங் கடையில் நான் வாங்கிய புராஜெக்ட் அட்டையில் மணமக்களின் பெயர்கள் மாலைப் படத்துக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தன. வேறு அட்டை போட நேரமில்லை. அப்படியே கொண்டுபோய் நீட்டினேன். பேராசிரியர் அட்டையை நெடுநேரம் பார்த்தார்.

“ஆய்வுக்கு இவங்க ரெண்டு பேரோட பங்களிப்பு என்னம்மா?”

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உள்ள எழுதியிருக்கறத விட இது நல்லா இருக்குது” என்று பாஸ் போட்டார்.

அடுத்தது வேப்பூர். அம்மாவையும் செல்வி அக்காவையும் அழைத்துக்கொண்டு, கப்புப் பெட்டிகளோடு டெம்போவில் மண்டபத்துக்குப் போய் இறங்கினேன். ஓட்டல்காரர் ஒரு கப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

“யாரும்மா இந்த மங்கையர்க்கரசி?”

“நான்தாங்க.”

“நாளைக்கு உனக்கா கல்யாணம்?”

“இல்லைங்க.”

“அப்ப வந்தவங்கள எல்லாம் நேரத்த வீணாக்காம சீக்கிரம் கெளம்புங்கன்னு சொல்றியா?”

பக்கத்தில் மருதாணிக் கையோடு நின்ற மணப்பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

“ஐயா, இந்த கப்பு பைக்குள்ள போறப்ப ஒவ்வொன்னுலயும் இவங்க பேருதான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்புங்க” என்றேன்.

கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரைப் பிடித்து, மணமக்கள் பெயரைப் பளபளக்கும் ஒட்டுத்தாளில் அடித்து வாங்கினேன். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்து என் பெயரின் மேல் ஒட்டினோம். சமையல்காரர்கள் வெங்காயம் உரிக்க, நாங்கள் தாள் உரித்தோம். விரல் நுனியெல்லாம் பிசின். ஐந்நூறாவது கப்பை ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு என்னுடையதாக இல்லை. ஆனால் கல்யாணத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓட்டல்காரர் எனக்கும் ஒரு தாம்பூலப் பை கொடுத்து அனுப்பினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஓட்டல்காரரிடமிருந்து போன் வந்தது.

“ஏம்மா, எங்க சம்பந்தி வூட்டுல கப்ப கழுவினாங்களாம். பொண்ணும் மாப்பிள்ளையும் தண்ணியில போயிட்டாங்க. நீ மட்டும் நிக்கிற.”

நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் புதிதாகக் கப் சுட்டு, வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்றவை வேப்பூர், நல்லூர், எங்கள் பக்கத்து மங்களூர் என்று பரவி, என் பெயரையும் படிப்பையும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தன.

அதில் ஒன்று நல்லூரில் ஒரு வீட்டில் இருந்திருக்கிறது. அது என் மாமியார் வீடு ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கல்யாணமாகிப் போன முதல் நாள் காலை, அத்தை எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். கப்பில் நான் இருந்தேன்.

“தரகர் உன் பேரச் சொன்னதும் ஜாதகமே கேக்கல. தெனம் நான் கழுவுற பொண்ணுதானேன்னு சரின்னுட்டேன்” என்றார் அத்தை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருந்தால், என் கணவர் சமையலறைப் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்வார்: “அம்மா, இவருக்கு மங்கையர்க்கரசியில காபி குடுங்க.”