பெரியப்பா முறுக்கிய நட்டு

இராஜாக்கமங்கலம்,
கொல்லம் 1110 இடவம் 14.

கொழும்பில் மோட்டார்ப் பட்டறை வேலையில் இருக்கும் அன்புமிக்க ராஜையன் அண்ணனுக்கு, உன் தங்கை பூங்கனி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய தயவால் அப்பாவும் அம்மையும் நானும் இரண்டு பசுக்களும் சுகம். நீ லீவில் வந்து புதுப்பித்துக் கொடுத்த நம் பஸ் மட்டும் நீ கப்பலேறிய நாள் முதல் சுகமில்லாமல் கிடந்தது. இன்று அதுவும் சுகம். அது எப்படிச் சுகமாயிற்று என்பதை வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. நாகர்கோவிலில் மிஷன் பெண்பள்ளியில் எனக்கு உபாத்தியாயினி வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். எனக்கு மிஞ்சுவது கருங்கல் ஊரில் இருந்து வந்திருக்கிற சம்பந்தம். மாப்பிள்ளை நல்லவர் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லவராக இருப்பது ஒரு வேலை அல்ல, எனக்கு வேண்டியது வேலை. அப்பா நான்கு நாள் யோசித்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நம்ம வண்டியில போயி நம்ம வண்டியில திரும்பி வரியா, போ. கண்டவனுக்க வண்டியில எனக்க மக ஏறப்பிடாது." ஆகவே, அண்ணா, என் பிழைப்பு உன் என்ஜினில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த என்ஜினில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நீ என்ன செய்தாய் என்று ஞாபகப்படுத்துகிறேன். உள்ளே எல்லாவற்றையும் புதிதாக்கி, செம்புத் தகட்டை வைத்து, அதன்மேல் என்ஜினின் மூடியை இறக்கி, நட்டுகளைக் கைவிரலால் திருகி வைத்துவிட்டு, "இனி ஸ்பானர் வச்சு முறுக்கினா போதும்" என்று சொல்லி தூத்துக்குடிக்கு வண்டியேறிவிட்டாய். முறுக்குவது யார் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் அதைச் சொல்லாமல் விடலாமா? வீட்டுக்கு நிலை வைத்தாலும் கிணற்றுக்குக் கல் கட்டினாலும் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கை வைக்காமல் இங்கே எதுவும் தொடங்குவதில்லை. அப்பா ஆள் அனுப்பி எல்லாரையும் வரவழைத்தார். ஆளுக்கு ஒரு நட்டு. மூலைக்கல்தான் கட்டடத்துக்கு முக்கியம், ஆகவே மூலை நட்டுகள் மிகப் பெரியவர்களுக்கு என்று அவராகவே தீர்மானித்தார். உபதேசியார் செல்வதாஸ் ஜெபம் பண்ணிவிட்டு, வேதப்புத்தகத்தை மூடுகிற பதத்தில் ஒரு மூலையை முறுக்கினார். கொல்லர் முறுக்கியபோது வண்டியே ஒரு பக்கம் எழும்பியது. நடுவில் இருந்த நட்டுகள் கடைசியாக, வந்தவர் போனவருக்கெல்லாம் போயின. நீ விட்டுப்போன மோட்டார்ப் புத்தகத்தில், நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவாக முறுக்க வேண்டும் என்று படம் போட்டே சொல்லியிருக்கிறது. நான் அதை எடுத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். "பெரியவங்க நிக்கும்போ நடுவுல உள்ளவனுக்கு என்ன அவசரம்?" என்றார்.

பின்பக்கத்து மூலை நட்டு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஜேசுதாஸ் பெரியப்பாவுக்கு. எல்லையில் நின்ற ஒற்றைத் தென்னைக்காக அப்பாவோடு பேச்சை முறித்தவர், நீ பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு நம் வாசலை மிதிக்காதவர், அன்று வந்தார். ஸ்பானரை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்மை அடுக்களையில் போய் அழுதாள்.

மறுநாளே வண்டி ஒழுகத் தொடங்கியது. டிரைவர் சிலுவைமுத்துவை உனக்குத் தெரியும், முட்டத்துக்காரன், மீன்பிடி வள்ளத்தில் பிறந்து வண்டிக்கு வந்தவன். கோணம் ஊரை எட்டுவதற்குள் ஆவி பறக்க ஆரம்பித்தது. வழியில் செல்லபாய் அக்கா வீட்டு முன்னால் நிறுத்தி, "அக்கா, கொஞ்சம் வெள்ளம் தாங்க, அவசரம்" என்று கேட்டிருக்கிறான். அவன் வண்டிக்கு என்று சொல்லவில்லை. அவள் யாருக்கு என்று கேட்கவில்லை. வெயிலில் வந்து கேட்கிற பிள்ளைக்கு வெறும் தண்ணீரைக் கொடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வண்டியில் இருந்த தலைகளை எண்ணிப் பார்த்து, அத்தனை பேருக்கும் போதும்படி ஒரு குடம் நிறையக் கருப்பட்டியும் சுக்கும் கரைத்துக் கொண்டுவந்தாள். அவன் அதை அப்படியே ரேடியேட்டரில் கவிழ்த்தான். "ஏலே, குடிக்கத் தந்தத எங்க ஊத்துத?" என்று அவள் கேட்டதற்கு, "வண்டிக்குக் குடிக்கத்தானக்கா கேட்டேன்" என்றானாம். நாகர்கோவில் வரைக்கும் சுக்கு மணத்தோடு ஆவி அடித்ததில் சளி பிடித்திருந்த இரண்டு பேருக்குக் குணமாயிற்று என்று கேள்வி.

அன்று சொட்டு நின்றுவிட்டது. அதுதான் விபரீதம். அப்பா கோயிலில் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். இரண்டாம் நாள் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே பாகு. எறும்புகள் வீட்டுப் பின்வாசலில் இருந்து வரிசை பிடித்து, பஸ்ஸின் படியேறி, சீட்டு வாங்காத பிரயாணிகளாக என்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தன. வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். பாகு போனதும் பழைய ஒழுக்கு திரும்பி வந்தது.

அடுத்தது சிலுவைமுத்துவின் வைத்தியம். வள்ளத்துப் பலகை இடுக்கை அடைப்பதுபோல, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பஞ்சில் தோய்த்து என்ஜினைச் சுற்றி அடைத்தான். அம்மை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏலே சிலுவை, வள்ளத்துக்குள்ள வெள்ளம் வரப்பிடாது. இதுக்குள்ள இருந்து வெள்ளம் போவப்பிடாது. ரெண்டுக்கும் ஒரே மருந்தா?"

"ஓட்டைக்கு உள்ள எது வெளிய எதுண்ணு தெரியுமாம்மா? ஓட்டைண்ணா ஓட்டைதான்."

"கடல் சுடுமா மக்கா?"

வண்டி சூடானதும் குங்கிலியம் உருகி வழிந்து, ஊரெல்லாம் புகைந்தது. உபதேசியார் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒழுகுகிற பாத்திரங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஊர் அப்பாவைப் பார்த்தது, அப்பா கூரையைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாரும் ஒழுக்கை அடைக்கப் பார்க்கிறார்களே தவிர, அது எங்கே இருந்து வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. என்ஜினை நன்றாகத் துடைத்து உலர்த்தினேன். ஆப்பத்துக்கு இடித்து வைத்திருந்த அரிசி மாவை எடுத்து, மூடி உட்காருகிற விளிம்பு முழுவதும் மெல்லத் தூவினேன். சிலுவைமுத்து ஹாண்டிலைச் சுற்றி என்ஜினைக் கிளப்பினான். நானும் அப்பாவும் அவனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாவு எல்லா இடத்திலும் வெள்ளையாகவே இருந்தது. பின்மூலையில் மட்டும், பெரியப்பாவின் நட்டுக்குக் கீழே, கோடு போட்டதுபோல நனைந்தது.

அப்பா சொன்னார்: "அந்த மூலைய விட்டுட்டு, வேற எங்க ஒழுகுதுண்ணு பாரு."

"வேற எங்கயும் ஒழுகல்லப்பா."

"ஒழுகும். நல்லாப் பாரு."

அந்த நட்டை யாரும் தொடக்கூடாது என்பது அவர் கட்டளை. தொட்டால், "நீ முறுக்கினது கொள்ளாது" என்று தம் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். பெரியப்பா மறுபடியும் நம் படியேற மாட்டார். அப்பா சொல்வது பொய்யில்லை. அவருடைய பயமும் எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு பயத்தை நனையாமல் காப்பாற்ற ஒரு பஸ்ஸும் ஒரு பள்ளிக்கூடமும் போக வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

நேற்றுக் காலை அப்பா டயர் விஷயமாக நாகர்கோவிலுக்கு மாட்டுவண்டியில் போனார். (பஸ் முதலாளி மாட்டுவண்டியில் போவதை வழியெல்லாம் நின்று பார்த்தார்களாம்.) நான் நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கம்பி நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"பெரியப்பா, நீங்க முறுக்கின நட்ட நீங்களே ஒருக்கா அவுக்கணும். வேற ஆரும் தொடப்பிடாது. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் கம்பியில் குத்திய தேங்காயை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "ஒழுகுதோ?"

"ஒழுகுது."

"எனக்க மூலையிலயா?"

"உங்க மூலையில மட்டுந்தான்."

வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, ஆருட்டயும் சொல்லப்பிடாது. அண்ணைக்கு எனக்க தோளு பிடிச்சிருந்து. கை மேல எழும்பேல்ல. நான் முறுக்கவே இல்ல. சும்மா பிடிச்சுட்டு நிண்ணேன். இத்தன வருசம் கழிச்சு வந்துட்டு, உனக்க அப்பனுட்ட கை வலிக்குண்ணு சொல்லுவனா?"

அப்பாவும் அம்மையும் அழுதார்களே, அதற்குக் காரணம் இதுதான், அண்ணா. அவர் கண்ணை மூடியிருந்தது வலியில்.

வந்தார். தம் நட்டை விரலாலேயே கழற்றினார். பிறகு மற்றவற்றை நானும் சிலுவைமுத்துவும் அவிழ்த்தோம். கொல்லருடையதுக்கு மட்டும் ஸ்பானரில் உலக்கையைச் செருகி இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது. மூடியைத் தூக்கினால், செம்புத் தகடு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் தொடாமலே இருந்தது. புதிய தகடு அனுப்பச் சொல்லி உனக்கு எழுதினால் திங்கட்கிழமை போய்விடும். அடுக்களையில் சிரட்டைத் தீ மூட்டி, தகட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். செம்பு அப்படித்தான் இளகும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. அம்மை, "மீன்சட்டி ஏத்த வேண்டிய அடுப்புல என்னத்தட்டீ ஏத்தியிருக்க?" என்றாள். மூடியை மறுபடி இறக்கி, நடுவில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் கால் திருகல் வீதம், சுற்றிச் சுற்றி வந்தோம். என் கை போதாத இடத்தில் சிலுவைமுத்து, அவன் கை மிஞ்சுகிற இடத்தில் நான்.

முக்கால்வாசி முடிந்தபோது அப்பா வந்துவிட்டார். தம் அண்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டு, நெற்றியில் கரியோடு என்ஜினுக்குள் குனிந்திருப்பதைப் பார்த்து மாட்டுவண்டியின் படியிலேயே நின்றார். பெரியப்பா நிமிராமலே சொன்னார்: "எல்லாம் உனக்க மவன் பாத்த வேலைடே. நட்டுக்கு இவ்வளவு எண்ணையா விடுவான்? முறுக்கினது நிக்குமா?"

அப்பா மெதுவாக இறங்கி வந்தார். "நானும் அதத்தான் நெனச்சேன் அண்ணே. கொழும்புல போயி என்னத்தப் படிச்சான்?"

ஆகவே பழி உன்மேல் விழுந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. அந்தத் தென்னைச் சண்டைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் காரியம் நீதான்.

இன்று காலை கோணம் வரை ஓட்டிப் பார்த்தோம். மாவு தூவி, போய்த் திரும்பி வந்தும் உலர்ந்த மாவு உலர்ந்தபடியே இருந்தது. அப்பா மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்பம் பள்ளிக்கூடம் தொறக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆகவே தகடு அனுப்ப வேண்டாம், லீவு போட்டு வரவும் வேண்டாம். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. பெரியப்பாவின் தோளைப் பற்றி நான் எழுதியதைப் படித்தவுடன் மறந்துவிடு.

அப்பாவும் அம்மையும் உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறார்கள். பெரியப்பா, எண்ணெயைக் குறைக்கச் சொல்கிறார். உன் கையில் பிடிக்கிற ஒவ்வொரு வேலையும் உறுதியாய் நிற்கும்படி கர்த்தர் துணை செய்வாராக.

உன் அன்புத் தங்கை,
பூங்கனி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் எழுதுகிறேன். மத்தியானம் சிலுவைமுத்துவின் அண்ணன் முட்டத்தில் இருந்து ஓடிவந்து, "ஏலே, கடல்ல சாளை மீன் வந்துட்டு" என்றான். சிலுவைமுத்து சட்டையை மாற்றக்கூட நிற்கவில்லை. சாளை போனதும் வருவானாம். டிரைவர் இல்லை, பள்ளிக்கூடத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார் அப்பா. நம் வண்டியில் போக வேண்டும் என்றுதான் அவர் நிபந்தனை போட்டார். யார் ஓட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. சிலுவைமுத்து துண்டை உதறித் தோளில் போடுகிற நேரத்துக்குள் அவனைப் பிடித்துக் கேட்டதில், கிளப்புவதும் போவதும் திருப்புவதும் தெரிந்துகொண்டேன். நிறுத்துவதற்கு வரும்போது அவன் வேலி தாண்டிவிட்டான். நாகர்கோவிலில் அந்தப் பள்ளிக்கூடத்து மதில் மண்ணால் கட்டியதா, கல்லால் கட்டியதா என்று உனக்கு நினைவிருக்கிறதா? பரவாயில்லை, உன் பதில் வந்து சேருமுன் எனக்கே தெரிந்துவிடும்.