லாரிக்கு மூக்கு வைத்த வரலாறு

மனிதகுலம் காற்றை வேலைக்கு வைத்துக்கொண்ட வரலாறு மூன்று கட்டங்களை உடையது. முதலில் பாய்மரம். அடுத்தது காற்றாலை. மூன்றாவது, எங்கள் கம்பெனி லாரியின் தலையில் பொருத்தப்பட்ட பழைய கூம்பு ஸ்பீக்கர். முதல் இரண்டைப் பற்றி அறிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். மூன்றாவதை உலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. உலகத்துக்கு எதுவுமே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

எங்களுடையது பெரிய நிறுவனம். ஷட்டர் போட்ட ஓர் அறை, ஒரு முதலாளி, ஒரு மேலாளர், ஒரு டிரைவர், இருபத்தாறு வயதான ஒரு டீசல் லாரி. மேலாளர் நான். டிரைவர் என் தங்கையின் கணவர். அலுவலக நேரத்தில் அவரை 'டிரைவர்' என்பேன். ஷட்டர் இறங்கிய பிறகு 'மச்சான்' என்பேன். அவரோ எந்நேரமும் என்னை 'மச்சான்' என்றே கூப்பிட்டார். நிர்வாக நெறிமுறைகள் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மேட்டுச் சாலையின் உச்சியில் ஒரு காகித ஆலை. அதற்குப் பழைய அட்டை ஏற்றிப் போவதுதான் எங்கள் தொழில். அந்த மாதம் மூன்று முறை லோடு தாமதம். லாரி கரும்புகை கக்கிக்கொண்டு, நடந்து போகிறவர்களுக்கு வழிவிட்டு ஏறியது. ஆலை மேலாளர் தொலைபேசியில் சத்தம் போட்டார். எங்கள் முதலாளி எழுந்து நின்று பதில் சொன்னார்.

"இன்னொரு தடவை லேட்டானா டிரைவரையே மாத்திடறேன் சார்."

இதில் ஆழ்ந்த பொறியியல் இருக்கிறது. லாரியில் எதை மாற்றுவதென்றாலும் ஸ்பானர் வேண்டும். டிரைவரை மாற்ற ஒரு வாக்கியம் போதும்.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, இவருக்கு வேலை போயிடும்ங்கறாங்களே?"

"நான் அங்க எதுக்கு உக்காந்திருக்கேன்? போய் வேலையப் பாரு" என்று தைரியம் சொன்னேன்.

மறுநாள் அவசரக் கூட்டம் கூடியது. முதலாளி, நான், நின்றுகொண்டு டிரைவர், சுழல் நாற்காலியில் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. ஆலோசகர் என்பவர் முதலாளியின் மாப்பிள்ளை. எஞ்சின் சம்பந்தமாக நாற்பத்தொரு வீடியோ பார்த்தவர். அவற்றுள் பதினாலை முழுதாகவே பார்த்தவர். கல்யாணமாகி நாலே மாதம். நாலு மாத மாப்பிள்ளை சொல்வதில் பிழை இருக்க வாய்ப்பில்லை. இருந்தால் அது கேட்பவர் காதில்தான் இருக்கும்.

"மாமா, இந்த வண்டிக்கு மூச்சு பத்தல" என்றார் மாப்பிள்ளை.

"அதான! நானும் அப்பவே நெனச்சேன்" என்றார் முதலாளி.

"வண்டி ஓடும்போது எதிர்க்காத்து சும்மா வந்து மோதி வீணாப் போகுது. அதைப் பிடிச்சு எஞ்சினுக்குள்ள திணிச்சா பவர் எகிறிடும்."

"எவ்வளவு எகிறும் மாப்பிள்ளை?"

"வீடியோல முப்பது பர்சென்ட்டுன்னான். நாம எழுபது வச்சுக்கலாம்."

முதலாளியின் கண் கலங்கியது. டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை சார், அதெல்லாம் பறக்கிற வண்டிக்கு. நம்ம வண்டி மேட்டுல இருபதுலதான் ஏறுது. அந்த வேகத்துல காத்து மோதாது சார், நலம் விசாரிச்சுட்டுப் போயிடும். ஏர் ஃபில்டர் மாத்தி மூணு வருஷமாச்சு. அதை மாத்துனாலே புகை நின்னுடும்."

மாப்பிள்ளை சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றி நின்றார்.

"ஃபில்டரே வேணாங்கறேன், இவரு மாத்தணுங்கறாரு!" மாப்பிள்ளை சிரித்தார். "ஜன்னல்ல மெத்தைய வச்சு அடைச்சா வீட்டுக்குள்ள காத்து வருமா?"

"எடுத்துட்டா கொசுவும் வருமே சார்."

'டிரைவரின் கருத்து கேட்கப்பட்டது' என்று குறிப்பில் எழுதினேன். அதில் மறுக்க ஒன்றுமில்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம்.

உருவாக்கும் பணி மூன்று நாள் நடந்தது. மூடிப்போன ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையிலிருந்து கூம்பு ஸ்பீக்கர் வந்தது. ஊருக்கெல்லாம் கத்திக் கத்தி ஓய்ந்த வாய், இனி காற்றைக் குடித்துப் பிறவிப்பயன் அடையப்போகிறது. அதன் பின்புறத்தில் கழிவுநீர்க் குழாய், அதை வளைத்து இறக்க இரண்டு எல்போ, மூட்டுக்கு மூட்டு சைக்கிள் டியூப் கட்டு. கேபினுக்கு மேலே முன்னோக்கிப் பார்த்தபடி கூம்பு நின்றது. அங்கிருந்து இறங்கிய குழாய், ஃபில்டர் கழற்றப்பட்ட காலி டப்பாவுக்குள் நுழைந்து நேரே எஞ்சினுக்குப் போனது. மேலே சிவப்பு பெயிண்ட். வடிவமைப்பு மாப்பிள்ளை; மேற்பார்வை நான். கழற்றுவது, அறுப்பது, துளைப்பது, மாட்டுவது போன்ற சில்லறை வேலைகளை மட்டும் டிரைவர் பார்த்துக்கொண்டார்.

"சார், குழாய்க்கு அடியில ஒரு சின்ன ஓட்டை போட்டு விட்டுடறேன். மழை கிழை பெஞ்சா தண்ணி வடியும்" என்றார் டிரைவர்.

"ஓட்டை போட்டா பிடிச்ச காத்தெல்லாம் ஒழுகிடாதா?" என்றார் மாப்பிள்ளை.

டிரைவர் துளைக்கும் கருவியை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

அடுத்து சோதனை ஓட்டம். மூக்கு வைப்பதற்கு முன் மேட்டுச் சாலைக்கு முப்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. மூக்கு வைத்த பின் பதிமூன்று நிமிடம். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார்," டிரைவர் இழுத்தார், "அன்னிக்கு லோடோட ஏறினோம். இன்னிக்குக் காலி வண்டியில இறங்கியிருக்கோம்."

"ரோடு ஒண்ணுதானே?"

"ரோடு ஒண்ணுதான் சார்."

"அப்புறம் என்ன?"

'ஒரே சாலையில் பதினெட்டு நிமிட முன்னேற்றம்' என்று பதிவு செய்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் டிரைவர் என்னிடம், "மச்சான், நீங்களாவது சொல்லுங்க" என்றார். தக்க நேரத்தில் சொல்வதாக உறுதியளித்தேன். தக்க நேரத்துக்காகக் காத்திருப்பதே நிர்வாகம்.

தொடக்க விழாவுக்கு ஆலை மேலாளரையே சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். வண்டியின் புது வேகத்தைக் கண்ணால் பார்த்தால் அவர் மனம் குளிரும், டிரைவரை மாற்றும் பேச்சும் அத்தோடு ஓயும் என்பது ஏற்பாடு. போட்டோக்காரரை அழைத்துவர டிரைவரை அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையே லாரியை வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிப்போனார்.

"ஒரு இடம் விடாம பளபளன்னு இருக்கணும். முக்கியமா அந்த மூக்கு" என்று அங்கே உத்தரவிட்டாராம்.

வாட்டர் சர்வீஸ்காரர் மனசாட்சி உள்ள மனிதர். சோதனை ஓட்டத்தில் கூம்புக்குள் படிந்திருந்த தூசியைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. லாரி நின்றிருக்க, பிரஷர் பைப்பை உள்ளேயே விட்டு நன்றாக அலசிவிட்டார். பிறகு ஆட்கள் லாரியைத் தெருவின் சரிவில் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். புதுப் பெயிண்டில் புகை படக்கூடாதே என்பது மாப்பிள்ளையின் நுண்ணிய யோசனை.

விருந்தினர் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். டிரைவர் ஏறுவதற்கு முன் எல்போவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தார். கை நனைந்தது.

"சார், உள்ள தண்ணி போயிருக்கு. ஒரு மணி நேரம் குடுங்க, கழட்டி வடிச்சுட்டு ஸ்டார்ட் பண்றேன்."

"பவர் காட்டற நேரத்துல பயம் காட்டறாரு" என்றார் மாப்பிள்ளை.

"காத்து அமுங்கும் சார், தண்ணி அமுங்காது. பிஸ்டன் போய் முட்டுச்சுன்னா உள்ள கம்பியே வளைஞ்சுடும்."

"இன்னிக்கும் லேட்டா?" என்றார் விருந்தினர், யாரையும் பார்க்காமல்.

முதலாளி என்னைப் பார்த்தார். முதலாளி பார்க்கும் பார்வையில் வாக்கியங்கள் இருக்கும். படிக்கத் தெரிந்தவன்தான் மேலாளர். நான் டிரைவர் அருகே போனேன். அலுவலக நேரத்தில் முதன்முறையாக அவரை அப்படி அழைத்தேன்.

"மச்சான். எனக்காக. ஒரே ஒரு தடவை திருப்புங்க."

அவர் நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

'டங்' என்று ஒரு சத்தம். ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் எதையும் சொல்லவில்லை. போட்டோ மட்டும் அருமையாக விழுந்திருந்தது. மூக்கு பளிச்சென்று இருந்தது. ஆலை மேலாளர் காரில் ஏறும் முன் முதலாளியிடம், "சொன்ன வாக்கு ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

உடனே விசாரணை தொடங்கியது. மூக்கை வைக்கச் சொன்னது யார்? ஃபில்டரைக் கழற்றச் சொன்னது யார்? ஓட்டை வேண்டாம் என்றது யார்? வண்டியைக் கழுவச் சொன்னது யார்? விசாரணை எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஆகவே எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக நடத்தி முடிக்கும்படி முதலாளி கேட்டுக்கொண்டார்.

"அவர் மனசு நோகக் கூடாது. என் பொண்ணு வாழ்க்கை" என்றார். "எழுத்துல நீங்கதான் கெட்டிக்காரர்."

எழுதினேன். ஆறு பக்கம். 'சாவி திருப்பப்படும்வரை எஞ்சினில் எந்தக் குறையும் வெளிப்படவில்லை. திருப்பப்பட்ட கணத்தில் எஞ்சின் சேதமுற்றது. சாவியைத் திருப்பியவர் டிரைவர். தண்ணீர் இருப்பதைத் தாம் முன்பே அறிந்திருந்ததாக அவரே பலர் முன்னிலையில் கூறியுள்ளார்.' கடைசி வாக்கியத்தைப் படித்தபோது முதலாளி என் தோளைத் தட்டினார். மாப்பிள்ளையோ இரண்டாவது மூக்குக்கு இடம் பார்க்கப் போயிருந்தார்.

அறிக்கையையும் வேலைநீக்கக் கடிதத்தையும் நானே கொண்டுபோனேன். டிரைவர் அதற்குள் எஞ்சினைப் பிரித்து, வளைந்த கம்பியை வெளியே எடுத்து வைத்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, லாரிப் படியில் உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் படித்தார். அவசரப்படவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார். "மச்சான், நீங்க கிட்ட வந்து 'எனக்காக'ன்னு சொன்னீங்களே, அது எந்தப் பக்கத்துல வருது?"

"அது குடும்ப விஷயம். ஆபீஸ் ரிப்போர்ட்ல அதெல்லாம் வராது."

அவர் தலையை ஆட்டி, காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதை இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். முதலாளி வருகிறார், விருந்தினர் வருகிறார், சாவி வருகிறது, சாவியைத் திருப்பிய கை நாலு இடத்தில் வருகிறது. நான் வருவது ஒரே இடத்தில். கடைசிப் பக்கத்தின் அடியில், 'நேரில் கண்ட சாட்சி' என்பதற்கு மேலே.