சின்ன ரூமுக்கு மூணு தேர்வு

இனி இந்த வீட்டில் என் முடிவுதான் முடிவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் எடுத்தேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை விற்பனையாளன். மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்பதை உளவியலும் பொருளாதாரமும் சேர்ந்து விளக்கும் தபால்வழிப் படிப்பில் சேர்ந்திருந்தேன். பாஸானால் மேனேஜராக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டாச்சு. உளவியல் உள்ளே இறங்கவில்லை. பொருளாதாரத்தில் பொருளே விளங்கவில்லை. காரணம், ஹாலில் இருக்கும் மனைவியின் தையல் மெஷின். நான் ஒரு வரி படிப்பதற்குள் அது நாலு வரி தைத்துவிடும்.

எங்களோடு தங்கியிருந்த மச்சானுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, அவன் இருந்த சின்ன ரூம் காலியானது. எனக்கு அது வேண்டும். அவளுக்கும் வேண்டும்.

ஏழாம் பாடம் கைகொடுத்தது. நம் சரக்குக்குப் பக்கத்தில் அதே மாதிரி, ஆனால் கொஞ்சம் மட்டமாக இன்னொன்றை வைத்தால், ஆள் நம் சரக்கையே எடுப்பான். கீறல் விழுந்த ஃப்ரேம் ஒன்றை வைத்துக் கடையில் செய்துபார்த்தேன். பலித்தது!

மனைவி வந்ததும் காகிதத்தை நீட்டினேன்.

“என்னங்க இது?”

“மூணு வழி. நீயே முடிவு பண்ணு.”

வாய்விட்டுப் படித்தாள். “ஒண்ணு, ரூம் மெஷினுக்கு. ரெண்டு, ரூம் உங்க படிப்புக்கு. மூணு, ரூம் உங்க படிப்புக்கு, கூடவே உங்க சிநேகிதங்க நாலு பேரும் தினம் வந்து படிப்பாங்க. இந்த மூணாவதை எவ எடுப்பா?”

“யாரும் எடுக்க மாட்டாங்க. அதுக்குத்தானே அது!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அப்படியா! எப்படிங்க?” என்று கண்ணை அகல விரித்தாள். என் படிப்பைப் பற்றி இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அரைமணி நேரம் விளக்கினேன். வருகிற லாபத்தைவிட, கைவிட்டுப் போகிற நஷ்டம்தான் மனுஷனை அதிகம் உறுத்தும் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

“எனக்குத் தலை சுத்துது. ரூமை நீங்களே வெச்சுக்குங்க.”

ஜெயித்துவிட்டேன்! மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஹாலில் மெஷின் ஓட ஆரம்பித்தது. பத்தே நிமிஷத்தில் அதை நிறுத்திவிட்டுக் கதவருகே வந்தாள்.

“ஏங்க, மெஷின் சத்தம் இங்கயும் கேக்குதா?”

“கேக்குது.”

“ஹால் பெருசா, இது பெருசா?”

“ஹால்தான்.”

“ஹால்ல ஜன்னல் எத்தனை?”

“ரெண்டு.”

“இங்க?”

“ஒண்ணுகூட இல்ல.”

“சத்தத்தை இந்தப் பொந்துக்குள்ள போட்டுக் கதவைச் சாத்திட்டா, அவ்வளவு பெரிய ஹாலும் உங்களுக்கு. வேண்டாம்னா விடுங்க. எனக்கென்ன? நஷ்டம் உங்களுக்குத்தான்.”

நஷ்டமா? பகீரென்றது. கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் எனக்கே லாபம். அப்புறம் ஏன் தோற்ற மாதிரி இருக்கிறது? புத்தகத்தைப் புரட்டினேன். பதில் இல்லை.

“சரி, முடிவு உங்களோடதுதான்” என்றாள். “மெஷினை இப்பவே தூக்கி உள்ள வைக்கிறீங்களா, சாப்பிட்டுட்டு வைக்கிறீங்களா?”

இந்த முறை ஏமாறக் கூடாது. நெடுநேரம் யோசித்து, கறாராகச் சொன்னேன்:

“சாப்பிட்டுட்டுத்தான்!”